விரலுக்குத் தகுந்த வீக்கம்

இரண்டு மாதச் சம்பளம் என்றான் டெஸ்மண்ட்,
பணிமனையில் தேநீர்க் கோப்பையைக் கழுவியபடி.
அவன் தம்பி மூன்று மாதம் கொடுத்தானாம்.
தம்பி இப்போது இரண்டு வேலை பார்க்கிறான்.
யார் போட்ட கணக்கு இது என்றேன்.
யாரோ போட்டதுதான் என்றான்,
சாலையோர வேகப் பலகையைப் பற்றிச் சொல்வதுபோல.

கிரிம்ஸ்பியில் நான் ஓட்டுவது கடைசிப் பேருந்து.
பதினோரு மணிக்கு மேல்
மழையும் நானும் இரண்டு குடிகாரர்களும்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
ஒரு தொகையை எடுத்து வைத்துப் பார்ப்பேன்.
ஆயிரத்து இருநூறு பவுண்டு:
அது காரின் கியர்பாக்ஸ்.
எண்ணூறு: அவளுடைய கடைவாய்ப் பல்.
இரண்டு வருடமாக இடப்பக்கம்தான் மெல்லுகிறாள்.
முன்னூறு என்றால்
அதற்குள் பச்சை விழுந்துவிடும்.

மார்னி ஆலையில் காட் மீன் அரிகிறாள்.
காலை ஐந்துக்கு நீல உறைக்குள் போகும் கைகள்
மதியம் இரண்டுக்கு வெளியே வரும்போது
வேறு யாருடையவையோ போலிருக்கும்.
மோதிரம், கடிகாரம், நகப்பூச்சு
எதுவும் உள்ளே கூடாது.
ஆக, நான் வாங்கப்போவது
நாளுக்கு ஒன்பது மணி நேரம்
முப்பத்தேழாம் எண் அலமாரியில் கிடக்கப்போகும் கல்.
அந்த இருட்டுக்கு எத்தனை காரட் வேண்டும்?

அவள் அம்மா டோரீன் தன் மோதிரத்தை
விவாகரத்து முடிந்த மறு வாரமே விற்றாள்.
தொள்ளாயிரம் கொடுத்தேன் என்று
அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மோதிரம்.
கடைக்காரன் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே
தொண்ணூறு என்றானாம்.
அந்தக் குளிர்காலத்தில் மூன்று வாரம்
வீடு முழுக்கக் கதகதப்பு.
அந்தக் கல் அதற்குமுன்
அப்படி மின்னியதே இல்லை என்று சிரிப்பாள்.
சிரித்து முடித்ததும்
இடது கையில் அந்த ஒரு விரலை மட்டும் தேய்த்துக்கொள்வாள்.
அதற்கு எதிரே நான் எந்தத் தொகையும் எழுதவில்லை.

குறைத்தால் கஞ்சன் என்பார்கள்.
கூட்டினால்
கடன் அட்டையின் வட்டி
கட்டிலில் எங்கள் நடுவே வந்து படுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை நகைக்கடைக்குப் போனேன்.
விலைச்சீட்டுகளையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்,
சீட்டாடுகிறவர் மாதிரி.
விரல் அளவு என்ன என்றார்.
காலையிலா, வேலை முடிந்த பிறகா என்று கேட்டேன்.
அப்போதுதான் அவர்
என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

வெறுங்கையோடு வீடு வந்து
சமையலறை மேசையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.
மார்னி வெந்நீரில் கைகளை ஊறவைத்திருந்தாள்.
எவ்வளவு வைத்திருக்கிறாய்?
ஆயிரத்து நூறு.
இருநூறு போதும்.
ஆயிரம்.
இருநூற்றைம்பது, அதற்குமேல் ஒரு பென்னி கிடையாது.
கொடுப்பவன் ஏற்ற, பெறுபவள் இறக்க,
இப்படியொரு பேரத்தை
இந்தத் துறைமுகத்து மீன் ஏலம் கண்டதில்லை.
நடுவில் ஒருமுறை கோபித்துக்கொண்டாள்.
நடுவில் ஒருமுறை நான்
டெஸ்மண்டின் தம்பியை இழுத்தேன்.
அவனையே கட்டிக்கொள்ளட்டுமா என்றாள்.

அறுநூற்று நாற்பதில் தலையசைத்தாள்.
அதென்ன நாற்பது?
முழு எண்ணாக இருந்தால்
யோசிக்காமல் சொன்னதுபோல் இருக்கும்.
மிச்சம் பல்லுக்கு.
கியர்பாக்ஸ்?
அது இன்னும் ஓடுகிறதல்லவா.

பிறகு ஈரக் கையை என் பக்கம் நீட்டினாள்.
இப்போதே அளந்துகொள், வீங்கியிருக்கும்போதே.
தளர்ந்தால் நூல் சுற்றிக்கொள்ளலாம்,
இறுகினால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

வீட்டில் அளவுநாடா இல்லை.
சட்டைப் பையில் கிடந்த
கிழிபடாத பயணச்சீட்டு ஒன்றை நீளவாக்கில் மடித்துச் சுற்றி
இரு முனையும் சந்தித்த இடத்தில்
நகத்தால் கீறினேன்.
அவள் விரலைச் சுற்றிலும் அச்சாகியிருந்தது:
பெரியவர் ஒருவர்.
ஒருவழி.